சேகரிப்பாளருக்குப் புதிய வட்டுகளைப் பரிந்துரைப்பது எப்படி?

ஒரு படத்தின் ப்ளூ-ரே புதிதாக வெளிவருகிறது என்று தெரிந்தவுடன், "அருமையான படம், தவறவிடாதீர்கள்" என்று நண்பருக்குச் சொல்லிவிடுவது எளிது. அந்த நண்பர் வட்டுகளைச் சேகரிப்பவர் என்றால் படத்தை ஏற்கெனவே பார்த்திருப்பார்; அதன் டிவிடியோ பழைய ப்ளூ-ரேயோ அவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கவும் கூடும். அவர் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: என்னிடம் இருப்பதைவிட இதில் என்ன கூடுதல்? இந்தக் கேள்விக்கு நேரான விடை சொல்லாத பரிந்துரை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அவருக்குப் பயன்படாது. ஆகவே பரிந்துரைப்பவர் படத்தைப் பற்றி எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, பதிப்பைப் பற்றி எழுதப் பழகவேண்டும்.

பதிப்பை ஆராயும் முன் வாங்கப்போகிறவரிடம் என்ன பிளேயர் இருக்கிறது என்று கேட்டறிய வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மதுரையிலுள்ள நண்பர் ஒருவருக்கு அமெரிக்கப் பதிப்பு ஒன்றை மனமாரப் பரிந்துரைத்தேன். அவர் மூன்று வாரம் காத்திருந்து, சுங்க வரியும் கட்டி, பெட்டியைப் பிரித்து வட்டைப் போட்டபோது, இது இந்தப் பகுதிக்குரிய வட்டு அல்ல என்ற ஒற்றை வரிதான் திரையில் வந்து நின்றது. அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினாரே தவிர, ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அன்றுமுதல் எந்தப் பரிந்துரையிலும், வட்டு எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதைக் குறிக்கும் ரீஜியன் கோடை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

ப்ளூ-ரேக்கு உலகத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா ஆகியவை ஏ பகுதியிலும், பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா ஆகியவை பி பகுதியிலும், இந்தியாவும் இலங்கையும் சி பகுதியிலும் வருகின்றன. பெரிய ஸ்டூடியோக்கள் வெளியிடும் ப்ளூ-ரேக்கள் பலவற்றில், வேறு பகுதிப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் பூட்டு இருப்பதில்லை. ஆனால் படங்களைச் சிறப்புப் பதிப்புகளாக வெளியிடும், சேகரிப்பாளர்கள் அதிகம் தேடும் கிரைட்டீரியன், ஆரோ போன்ற நிறுவனங்களின் வட்டுகளில் பெரும்பாலும் இருக்கும். ப்ளூ-ரேயைவிடக் கூடுதல் நுணுக்கம் காட்டும் 4கே வட்டுகளுக்கு ரீஜியன் பூட்டு கிடையாது என்பது நமக்குப் பெரிய ஆறுதல். ஆயினும் இதில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. கிரைட்டீரியனின் 4கே பெட்டிகளில் படம் மட்டுமே 4கே வட்டில் இருக்கும். பேட்டிகள், ஆவணப்படங்கள் போன்ற கூடுதல் அம்சங்கள் உடன்வரும் ப்ளூ-ரேயில் இருக்கும், அந்த ப்ளூ-ரே ஏ பகுதிக்குப் பூட்டப்பட்டிருக்கும். சென்னையில் சாதாரண 4கே பிளேயர் வைத்திருப்பவருக்குப் படம் ஓடும், அது உருவான கதையைச் சொல்லும் பேட்டிகள் ஓடா. இதைச் சொல்லாமல் விட்டால் அவர் பாதிப் பணத்துக்குத்தான் பொருள் வாங்குகிறார்.

அடுத்து, படம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். உறையில் பெரிதாக அச்சிடப்படும் "4கே மறுசீரமைப்பு" என்ற சொல்லை மட்டும் நம்பக்கூடாது. எந்தப் பிரதியை ஸ்கேன் செய்தார்கள், அது கேமராவில் ஓடிய ஒரிஜினல் நெகட்டிவா, அதிலிருந்து எடுத்த இடைநிலைப் பிரதியா, திரையரங்கில் ஓடித் தேய்ந்த பிரின்டா என்பதுதான் முக்கியம். நல்ல நிறுவனங்கள் பெட்டிக்குள் வைக்கும் சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இதை வெளிப்படையாக எழுதிவைக்கின்றன. நான் பெட்டியைப் பிரித்தவுடன் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இதற்கு, 'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் சத்யஜித் ராயின் அபு முப்படங்களைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1993-இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் நேர்ந்த தீவிபத்தில் அவற்றின் நெகட்டிவ்கள் கருகிச் சுருண்டன. எரிந்த சுருள்களை அமெரிக்காவின் அகாடமி திரைப்படக் காப்பகம் தூக்கி எறியாமல் பாதுகாத்து வைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோன்யா நகரிலுள்ள மறுசீரமைப்புக் கூடத்தில் அந்தச் சுருள்களுக்கு மீண்டும் ஈரப்பதம் ஏற்றி, சிதைந்த துளை விளிம்புகளைக் கையாலேயே ஒட்டிச் சீராக்கினார்கள். அந்தக் கைவேலைக்கு மட்டும் ஏறத்தாழ 1000 மணி நேரம் ஆயிற்று. முடிவில் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் ஒரிஜினல் நெகட்டிவிலிருந்தே மீட்கப்பட்டன. எஞ்சிய பகுதிகளுக்கு வேறு நல்ல பிரதிகளைப் பயன்படுத்தினார்கள். 2015-இல் இது ப்ளூ-ரேயாக வந்தபோது, பழைய டிவிடி வைத்திருந்த அத்தனை பேருக்கும் நான் தயக்கமின்றி "வாங்குங்கள்" என்று எழுதினேன். ஒரு பதிப்பைப் பரிந்துரைக்க இப்படிப்பட்ட காரணம்தான் வேண்டும்.

எதிர்ப்புறத்தில், புதிய பதிப்பு பழையதைவிட மோசமாக அமைவதும் உண்டு. ஃபிலிமில் எடுத்த படத்தில் மெல்லிய மணற்பொடி போன்ற கிரெயின் இருப்பது இயல்பு. படத்தின் நுணுக்கமே அதில்தான் அடங்கியிருக்கிறது. அதை அழுக்கென்று எண்ணி மென்பொருளால் துடைத்தால் முகம் மெழுகுப் பொம்மைபோல் ஆகிவிடும். 1987-ஆம் ஆண்டுப் படமான 'பிரிடேட்டர்' 2010-இல் ப்ளூ-ரேயாக மறுபடியும் வந்தபோது நடந்தது இதுதான். சேகரிப்பாளர்கள் இன்றும் அந்தப் பதிப்பைத்தான் எச்சரிக்கையாகச் சுட்டிக்காட்டுகிறார்கள். 2018-இல் வந்த 4கே பதிப்பில்தான் கிரெயின் திரும்பியது.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அரையிருட்டில் எடுக்கப்பட்ட ஒரு நெருக்கக் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். திரைக்கு மூன்றடி தூரத்தில் நின்று, நெற்றியையும் சட்டைக் காலரையும் பாருங்கள். நெற்றியில் தோலின் துளைகளும் காலரில் நூலின் நெய்தலும் தெரிந்தால் படத்தில் அதிகம் கைவைக்கவில்லை என்று கொள்ளலாம். நெற்றி வழவழவென்று இருக்க, மீசையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால், துடைத்துவிட்டுப் பிறகு செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். புகை, மூடுபனி, தூசி வரும் காட்சிகளையும் ஓடவிட்டுப் பாருங்கள். அவை சதுரம் சதுரமாக உடைந்தால், வட்டில் இடத்தைச் சிக்கனப்படுத்தப் படத்தை அளவுக்கு மீறிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள்.

எல்லாப் படத்துக்கும் 4கே பயன் தராது. 2000-க்குப் பின் நெடுங்காலம் வந்த படங்களில் பலவற்றின் இறுதி வடிவம் 4கேயைவிடக் குறைந்த 2கே அளவிலேயே முடிக்கப்பட்டது. அவற்றின் 4கே வட்டில் வண்ணமும் ஒளியும் மேம்படலாம், நுணுக்கம் பெரிதாகக் கூடாது. 2002-இல் வந்த '28 டேஸ் லேட்டர்' பெரும்பகுதி சாதாரண டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுக்கப்பட்டது. கேமராவில் பதியாத நுணுக்கத்தை எந்த வட்டும் கொண்டுவர இயலாது. இத்தகைய படங்களுக்கு நல்ல ப்ளூ-ரே போதும் என்று துணிந்து எழுதலாம்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பழைய படங்களுக்கு ஐந்து ஸ்பீக்கருக்கு விரித்த ஒலியைச் சேர்த்துவிட்டு, வெளியானபோது இருந்த, ஒரே தடத்தில் அமைந்த மோனோ ஒலியை விட்டுவிடுகிறார்கள். மோனோ இருக்கிறதா என்பதை மெனுவில் பார்த்து உறுதிசெய்யாமல் பரிந்துரைக்க வேண்டாம்.

தொலைக்காட்சித் தொடர்களில் ஆராய்ச்சி இன்னும் கூடுதலாக வேண்டும் என்பது என் கருத்து. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 35 எம்எம் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஆனால் படத்தொகுப்பும் தந்திரக் காட்சிகளும் வீடியோ நாடாவில் முடிக்கப்பட்டதால், ஒளிபரப்பான வடிவம் டிவிடி தரத்தைத் தாண்டவில்லை. ப்ளூ-ரேக்காக நெகட்டிவ்களைத் தேடியெடுத்து, ஏழு சீசன்களையும் முதலிலிருந்து மறுபடியும் தொகுத்து 2012 முதல் வெளியிட்டார்கள். டிவிடி வைத்திருப்பவருக்கு இது உறுதியான முன்னேற்றம். ஆனால் முழுக்க வீடியோ நாடாவிலேயே எடுக்கப்பட்ட தொடர் ஒன்று ப்ளூ-ரேயாக வந்தால் அதே முன்னேற்றத்தை எதிர்பார்க்கக்கூடாது. எனவே எதில் எடுத்தார்கள், எதில் முடித்தார்கள் என்ற இரண்டையும் தனித்தனியாகக் கேட்கவேண்டும்.

சட்டகமும் மாறிவிடும். 'தி வயர்' தொடர் ஒளிபரப்பானபோது பழைய டிவிகளுக்குரிய 4:3 சட்டகத்தில் இருந்தது. 2014-இல் அதை அகன்ற திரைக்கு மாற்றி, அந்த வடிவத்தையே ப்ளூ-ரேயாக வெளியிட்டார்கள். அதைப் பரிந்துரைப்பவர், பழைய டிவிடிதான் மூலச் சட்டகத்தைக் காட்டுகிறது, அதைக் கொடுத்துவிடாதீர்கள் என்றும் சேர்த்து எழுதுவது நியாயம். 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் டிவிடியில் ஒளிபரப்பில் வராத காட்சிகள் சேர்ந்திருந்தன. ப்ளூ-ரேயில் ஒளிபரப்பான அளவே இருக்கிறது. பாட்டுரிமை இன்னொரு தொல்லை. வானொலி நிலையம் ஒன்றைச் சுற்றி நடக்கும் 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' தொடரின் முதல் சீசன் 2007-இல் டிவிடியாக வந்தபோது, உரிமை வாங்காத பாடல்களை நீக்கி வேறு இசையைப் போட்டிருந்தார்கள். அந்தத் தொடருக்குப் பாட்டுதான் உயிர். 2014-இல் வேறொரு நிறுவனம் பெரும்பாலான பாடல்களை மீட்டு முழுத் தொகுப்பாக வெளியிட்டது. உறை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம், உள்ளே இருப்பவை வேறுவேறு.

தமிழ்ப் படங்களின் வட்டுகளை விரும்பிச் சேகரிப்பவர்களுக்கு நான் சொல்லும் அளவுகோல்கள் சற்று வேறு. படத்தின் ஓட்டநேரம் குறைந்திருக்கிறதா, பாடல்கள் முழுமையாக உள்ளனவா, பாடல்களுக்குச் சப்டைட்டில் இருக்கிறதா, திரையின் மூலையில் நிறுவனத்தின் முத்திரை ஓடிக்கொண்டே இருக்கிறதா என்ற நான்கையும் பார்த்தே எழுதவேண்டும். வசனத்துக்கு உள்ள சப்டைட்டில் பாட்டு வந்ததும் நின்றுவிடும் வட்டை மொழி தெரியாத மருமகளுக்கோ பேரனுக்கோ போட்டுக்காட்டியவர்களுக்கு இந்த வருத்தம் புரியும். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் படமாகி 1948-இல் வெளிவந்த, நடனக் கலைஞர் உதய் சங்கரின் இந்திப் படமான 'கல்பனா', மறுசீரமைக்கப்பட்டு, கிரைட்டீரியன் 2022-இல் வெளியிட்ட, பல நாட்டுப் பழைய படங்களை மீட்டெடுக்கும் உலக சினிமாத் திட்டத்தின் நான்காம் தொகுப்பில் இடம்பெற்றிருக்கிறது. அந்த ஸ்டூடியோவின் ஒளியமைப்பும் செட்டுகளும் எப்படி இருந்தன என்று காண விரும்பும் எவருக்கும் அந்தத் தொகுப்பை நான் பரிந்துரைப்பேன்.

விலையையும் நேரத்தையும் பரிந்துரையின் பகுதியாகவே கருதவேண்டும். கிரைட்டீரியன் மாதத்தின் நடுவில், மூன்று மாதம் கழித்து வரப்போகும் தலைப்புகளை அறிவிக்கிறது. அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் ஜூலையிலும் நவம்பரிலும் அவை பாதி விலைக்குக் கிடைப்பது வழக்கமாக இருந்துவருகிறது. இத்தகைய தலைப்புகளுக்கு அவசரம் காட்டத் தேவையில்லை. குறைந்த எண்ணிக்கையில் அச்சிடப்படும் சிறப்புப் பதிப்புகள் வேறு வகை. அவற்றின் புத்தகமும் பெட்டியும் தீர்ந்துவிட்டால் பிறகு வெறும் வட்டு மட்டுமே கிடைக்கும். வாங்குபவருக்குப் புத்தகம் முக்கியமா என்று கேட்டுவிட்டே "உடனே" என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். வட்டு உங்களுக்கு நிறுவனத்திடமிருந்து இலவசமாக வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அறிவிப்பை மட்டும் படித்துப் பரிந்துரைக்கிறீர்கள் என்றால், "இன்னும் பார்க்கவில்லை" என்று எழுதிவிடுங்கள்.

பார்சல் வந்ததும் செய்யவேண்டியதையும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. பெட்டியைப் பிரிக்கும் முன் காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்க்கவேண்டும். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால் வட்டைப் பிடித்திருக்கும் நடுப் பற்கள் உடைந்திருக்கலாம். அப்படியே ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு பிரித்தால், மாற்றுப் பிரதி கேட்பதற்கு ஆதாரம் இருக்கும். டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னாமல் ஊதா நிறம் காட்டினால், அது ஆலையில் அச்சிட்டது அல்ல, வெற்று வட்டில் கணினியால் பதிந்து கொடுத்தது.

இவ்வளவையும் சேர்த்து ஒரு பரிந்துரை எப்படி அமையும் என்பதற்கு, அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்' 2024-இல் 4கே வட்டாக வந்தபோது நண்பர்களுக்கு நான் அனுப்பியதையே தருகிறேன். "படத்தைத் தயாரித்த டோஹோ நிறுவனத்தின் 4கே மறுசீரமைப்பு. அமெரிக்காவில் கிரைட்டீரியனும் பிரிட்டனில் பிஎஃப்ஐ என்ற பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமும் தனித்தனியாக வெளியிட்டிருக்கின்றன. 207 நிமிடப் படமும் 4கே வட்டில் இருப்பதால் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். கிரைட்டீரியன் பெட்டியின் கூடுதல் அம்சங்கள் ஏ பகுதி ப்ளூ-ரேயில் இருப்பதால் நம் ஊர்ப் பிளேயரில் அவை ஓடாது. 4கே பிளேயரும் பெரிய திரையும் இருப்பவர்கள் வாங்கலாம். இல்லாதவர்கள் கையிலிருக்கும் பழைய பதிப்போடு இருக்கலாம்."

மதுரை நண்பர் இதைப் படித்துவிட்டு அன்றிரவே அழைத்தார். அவரிடம் 4கே பிளேயர் இல்லை, வீட்டில் இருப்பது நாற்பது அங்குல டிவி. இந்த முறை வாங்கப்போவதில்லை என்றும், மகள் திருமணம் முடிந்து டிவி மாற்றும்போது மறுபடியும் கேட்பதாகவும் சொன்னார்.