ஏசி குளிராததற்குக் காரணம் பழைய ரிமோட்

தண்டையார்பேட்டை வீட்டு ஸ்ப்ளிட் ஏசிக்கு, நேரம் பார்த்து வெப்பநிலையை மாற்றும் வைஃபை கன்ட்ரோலர் வாங்கினேன். ரிமோட் அனுப்பும் அதே அகச்சிவப்பு சிக்னலைத்தான் இதுவும் அனுப்பும். வயரிங் வேலை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேர்ந்ததால் ரவுட்டரில் அதைத் தனியாகப் பிரித்தேன்.

இரவு 10 மணிக்கு 24, விடியற்காலை 27 என்று அட்டவணை போட்டேன். ஏசி சொன்ன நேரத்துக்கு ஓடியது, ஆனால் அறை 29-க்குக் கீழே இறங்கவில்லை. கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும்.

மெக்கானிக் 'கேஸ் கம்மி' என்றார் (எந்த ஏசிக்கும் முதல் தீர்ப்பு இதுதானே). பிரஷர் சரியாகவே இருந்தது. ஃபில்டரைக் கழுவினோம், ஸ்டெபிலைசரைப் பார்த்தோம். ஒன்றும் மாறவில்லை.

கன்ட்ரோலர் சிக்னல் அனுப்புகிறதா என்று போன் கேமராவில் பார்த்தேன். அகச்சிவப்பு அதில் ஊதா நிறமாகத் தெரியும். அப்போது எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த பழைய ரிமோட், யாரும் தொடாமலே மினுக்கியது! அதில் 'ஐ ஃபீல்' மோட் ஓடிக்கொண்டிருந்தது. சில ஏசிகளில் இதற்கு 'ஃபாலோ மீ' என்று பெயர். ரிமோட்டுக்குள் இருக்கும் சென்சார், தான் இருக்கும் இடத்தின் வெப்பநிலையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஏசிக்குச் சொல்லும். குளிர்காற்று நேராக மோதும் இடத்தில் ரிமோட் தொங்கியதால், அறை குளிர்ந்துவிட்டதாக நினைத்து ஏசி கம்ப்ரஸரை நிறுத்தியிருக்கிறது.

அந்த மோடை அணைத்து, அப்புறம் பேட்டரியைக் கழற்றினேன். அன்று இரவே 25 வரை இறங்கியது. அப்பாடா!