போஎ: வாழை இலையில் சுடும் டஹிட்டிப் பழப் பண்டம்

பசிபிக் கடலில் உள்ள டஹிட்டியிலும் அதைச் சுற்றியுள்ள பாலினேசியத் தீவுகளிலும் விருந்துச் சாப்பாட்டில் போஎ கட்டாயம் இருக்கும். கனிந்த வாழைப்பழம், பப்பாளி, அரசாணிக்காய் (பரங்கிக்காய்) இவற்றில் ஏதாவது ஒன்றை மசித்து, கிழங்கு மாவு கலந்து, வாழை இலையில் பொதிந்து சுடுவார்கள். ஆறியதும் துண்டு போட்டு மேலே கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றித் தருவார்கள். முட்டை, மைதா, பசும்பால் எதுவும் கிடையாது. அங்கே அஹிமாஆ என்கிற மண் அடுப்பில் சுடுவது பழைய வழக்கம். குழியில் விறகு எரித்து, எரிமலைக் கற்களைக் காயவைத்து, மேலே உணவுப் பொதிகளை அடுக்கி, இலையும் மண்ணும் போட்டு மூடிச் சில மணி நேரம் விட்டுவிடுவார்கள்.

இதற்கு வேண்டிய சாமான் அத்தனையும் கொங்கு நாட்டிலேயே விளைகிறது. பொள்ளாச்சித் தேங்காய், மேட்டுப்பாளையம் நேந்திரன், சத்தி பக்கத்துக் கதலி, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, சேலம் நாமக்கல் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு என்று எல்லாமே கைக்கெட்டும் தூரம்தான். அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழத்துக்குப் பழம் தண்ணீர் மாறும். அதைப் பார்க்காமல் ஒரே கணக்கில் மாவு போட்டால் ஒரு தடவை கூழாகும், அடுத்த தடவை ரப்பராகும்.

மாவு

தீவுகளில் முன்பு பியா என்ற கிழங்கின் மாவைப் போட்டார்கள். இப்போது அங்கேயும் பெரும்பாலும் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச்தான். கடையில் கேட்கும்போது ‘ஸ்டார்ச்’ என்றே கேளுங்கள். கிழங்கைக் காயவைத்து அப்படியே அரைத்த மாவு வேறு. அதில் நார் இருக்கும், நிறம் மங்கும், பண்டம் கண்ணாடி மாதிரி தெளியாது. நல்ல ஸ்டார்ச் வெள்ளை வெளேர் என்று இருக்கும், விரலிடுக்கில் அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்கும். ஜவ்வரிசியைப் பொடித்துப் போடலாமா என்றால், வேண்டாம். அது ஏற்கெனவே பாதி வெந்த மாவு, வாயில் மணல் மாதிரி நிற்கும். சோள மாவிலும் செய்யலாம், ஆனால் இழுவை வராது, மறுநாள் தண்ணீர் விடும்.

பழமும் அளவும்

எடையை மசித்த பிறகுதான் போட வேண்டும். 1 கிலோ விழுதுக்குக் கணக்கு இது: நேந்திரன் என்றால் 130 கிராம் ஸ்டார்ச், கதலி 150, அரசாணிக்காய் 150, பப்பாளி 180 முதல் 200 வரை. நாட்டுச் சர்க்கரை 80 முதல் 120 கிராம், பழத்தின் இனிப்பைப் பார்த்து. அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) போட்டாலும் இனிக்கும், அந்த மணம்தான் வராது. உப்பு இரண்டு சிட்டிகை. வனிலாக் காய் கிடைத்தால் பாதியைக் கீறி உள்ளிருப்பதை வழித்துப் போடுங்கள், டஹிட்டி வனிலாவுக்குப் பேர் போன ஊர். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கக் கூடாது.

முதல் தடவை செய்பவர்களுக்கு நேந்திரன்தான் சரி. தோல் முக்கால்வாசி கறுத்த பழம், தோலோடு ஒன்றரைக் கிலோ வாங்கினால் 1 கிலோ விழுது தேறும். தோலோடு 12 நிமிடம் ஆவியில் வேகவைத்து, உரித்து, நடுவில் ஓடும் கறுப்பு விதை நரம்பை எடுத்துவிட்டு மசியுங்கள். பச்சையாக மசித்தால் ஆங்காங்கே கட்டி தங்கும். மசித்ததும் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் நிறம் கறுக்காது. அதற்கு மேல் பிழிந்தால் புளிப்பு மாவின் பிடிப்பைக் குறைக்கும்.

பப்பாளி நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். செங்காயாக இருந்தால் பாலும், விதை ஒன்றிரண்டு அரைபட்டால் அதுவும் கசப்பைக் கொண்டுவரும். அரைத்த விழுதைத் துணியில் கட்டி அரை மணி நேரம் தொங்கவிடுங்கள், வடிகிற சாற்றைக் குடித்துவிடலாம். அரசாணிக்காயைத் தண்ணீரில் வேகவைக்க வேண்டாம். பெரிய துண்டுகளாக ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, நீர் வடித்து மசியுங்கள்.

ஸ்டார்ச்சைச் சர்க்கரையோடு கலந்து சலித்து, ஆறிய விழுதில் மூன்று தவணையாகச் சேருங்கள். விழுது சூடாக இருந்தால் மாவு பட்ட இடத்திலேயே வெந்து முடிச்சு விழும், பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாது. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் கெட்டியான இட்லி மாவு போல மெதுவாகச் சரிய வேண்டும். ஓடினால் 20 கிராம் மாவு கூட்டுங்கள்.

இலையும் சூடும்

இலையை நடுநரம்பு நீக்கி, அனலில் இரு பக்கமும் காட்டி வாட்டுங்கள். பச்சை நிறம் ஆழமாகிப் பளபளப்பு ஏறும்போது எடுத்துவிட வேண்டும். வாட்டாத இலை மடிக்கும்போதே கிழியும். 8 அங்குலச் சதுரத் தட்டில் இரண்டு அடுக்காகக் குறுக்கும் நெடுக்குமாக விரித்து, தேங்காய் எண்ணெய் தடவி, விழுதை ஊற்றினால் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமான கனம் வரும். அதற்கு மேல் போனால் ஓரம் கருகும்போதும் நடு வேகாது. இலையை மேலே மடித்து மூடுங்கள்.

ஓவனை 180 டிகிரியில் 10 நிமிடம் சூடேற்றி, 45 நிமிடம் மூடியபடி, பிறகு இலையைத் திறந்து 10 முதல் 15 நிமிடம். குச்சி விட்டுப் பார்ப்பது இங்கே செல்லாது, வெந்த போஎவும் குச்சியில் ஒட்டும். ஓரம் இலையை விட்டு விலகியிருக்க வேண்டும், நடுவிலும் குமிழி வந்து அடங்கியிருக்க வேண்டும், கத்தி முனையால் நடுவைக் கொஞ்சம் பிரித்தால் வெள்ளை மாவு தெரியாமல் மினுமினுக்க வேண்டும். வெள்ளை தெரிந்தால் இன்னும் 10 நிமிடம்.

ஓவன் இல்லாத வீட்டில் கனமான வடச்சட்டியில் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிபோட்டு 15 நிமிடம் காயவிடுங்கள். தட்டை இறக்கி, இறுக மூடி, சிறு தீயில் 60 முதல் 75 நிமிடம். இட்லிப் பாத்திரத்தில் வேகவைத்தால் 40 நிமிடத்தில் வெந்துவிடும். மேலே இலை மூடியிருக்க வேண்டும், மூடியிலிருந்து சொட்டும் நீர் மேல்பரப்பைக் கூழாக்கிவிடும். ஆவியில் வெந்ததற்குச் சுட்ட மணம் வராது. ஆறியபின் துண்டு போட்டு, தோசைக்கல்லில் தேங்காய் எண்ணெய் விட்டு இரு பக்கமும் சிவக்க வாட்டினால் பெருமளவு ஈடுகட்டலாம், சிலருக்கு இதுவே கூடுதலாகப் பிடிக்கும்.

தோட்டத்தில் குழி வெட்டிச் சுட ஆசைப்படுகிறவர்கள் ஆற்றுக் கல்லைத் தொடாதீர்கள். உள்ளே ஈரம் பிடித்த கல் தீயில் வெடித்துச் சிதறும்.

ஆறவிடுவது

அவசரம் கெடுக்கும் இடம் இதுதான். சூட்டில் கத்தி வைத்தால் பசை மாதிரி இழுக்கும், வேகவில்லை என்று நினைத்துத் திரும்பச் சுடுவார்கள், ஓரம் தோலாகிவிடும். வெந்த மாவு ஆறும்போதுதான் இறுகும். வெளியில் நாலு மணி நேரம் விடுங்கள். காலையில் சுட்டுப் பொழுதோட (சாயங்காலம்) வெட்டுவது நல்ல கணக்கு. கத்தியை நனைத்து ஒன்றரை அங்குலத் துண்டு போடுங்கள். நாலு மணி நேரம் ஆகியும் தளதளவென்று இருந்தால் பழத்தில் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். இலையைத் திறந்து 160 டிகிரியில் 20 நிமிடம் வற்றவிட்டு மறுபடி ஆறவைக்கலாம். ரப்பராகிவிட்டதற்கு மருந்தில்லை, மெல்லிசாக நறுக்கிப் பாலில் ஊறப்போட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

தேங்காய்ப்பால்

இரண்டு முற்றிய காய், 200 மில்லி வெதுவெதுப்பான நீர், முதல் பால் மட்டும். சந்தவைக்கு (இடியாப்பம்) பிழிவதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் மேலே ஏடு திரளும், அந்த ஏட்டோடு துண்டுகளின் மேல் ஊற்றிப் புரட்டுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். சர்க்கரை பாலில் வேண்டாம், போஎவின் இனிப்புக்கு அந்த உப்புக் கரிப்புத்தான் ஜோடி.

பால் ஊற்றியதை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், வெயில் காலத்தில் பொழுதுக்குள் புளித்துவிடும். ஊற்றாத துண்டுகள் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அதற்குள் விறைத்துவிடும், இலையோடு ஐந்து நிமிடம் ஆவி காட்டி ஆறவிட்டால் பழைய மெதுமை திரும்பும்.