கியூசிஎல் வழியில் ஒரு சிறு குவாண்டம் மொழி எழுதுவது எப்படி

குவாண்டம் நிரல்களை எழுதுவதற்கான மரபுகளை 1996இல் இமானுவேல் க்னில் வகுத்தார். ஆனால் அவை தாளில் எழுதத்தான். 1998இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் ஓமர் உருவாக்கிய கியூசிஎல் (QCL) என்ற நிரல் மொழி, குவாண்டம் கணினியைச் சாதாரணக் கணினியில் போலச் செய்துகாட்டும் சிமுலேட்டரில் உண்மையாகவே ஓடியது. அதன் கருவை பைத்தானில் நீங்களே எழுதிப் பார்க்கலாம்.

முதலில் சிமுலேட்டர். கியூபிட் என்பது 0, 1 இரண்டின் கலவையாகவும் இருக்கக்கூடிய குவாண்டம் பிட். கியூபிட்டுகளின் ஒவ்வொரு 0-1 வரிசைக்கும் வீச்சு எனப்படும் ஒரு கலப்பெண் உண்டு; அதன் பருமனின் வர்க்கமே அந்த வரிசை விடையாக வரும் நிகழ்தகவு. எனவே 20 கியூபிட்டுக்கு 10,48,576 கலப்பெண்கள் வேண்டும். ஒன்றுக்கு 16 பைட் என்றால் 16 எம்பி. 30 கியூபிட்டுக்கு 16 ஜிபி ஆகிவிடும், அதனால் 10 கியூபிட்டில் தொடங்குங்கள். வீச்சுகளை வைக்கும் அரேயின் 0ஆம் இடத்தில் 1, மற்றதெல்லாம் 0. இட எண்ணை இருமத்தில் எழுதினால், ஒவ்வொரு பிட்டும் ஒரு கியூபிட்டைக் குறிக்கும்.

கியூபிட்டின் நிலையை மாற்றும் செயலே கேட். 0 நிலையில் உள்ள கியூபிட்டை 0, 1 இரண்டின் சமக் கலவையாக்கும் ஹாடமார்டு கேட்டுக்கு, இட எண்ணில் குறித்த பிட் 0 ஆக உள்ள இடத்தையும், மற்ற பிட்கள் மாறாமல் அதே பிட் 1 ஆக உள்ள இடத்தையும் ஜோடியாக எடுங்கள். கூட்டலையும் கழித்தலையும் 0.70710678ஆல் பெருக்கித் திரும்ப வையுங்கள். பழைய இரண்டு மதிப்புகளையும் முன்பே தனியாக எடுத்து வைக்காவிட்டால், கழித்தலுக்குள் புது மதிப்பு நுழைந்துவிடும். ஒவ்வொரு கேட்டுக்குப் பிறகும் வீச்சுகளின் பருமனை வர்க்கித்துக் கூட்டினால் 1 வர வேண்டும்.

சிநாட் (CNOT) என்னும் இரண்டு கியூபிட் கேட், கட்டுப்பாட்டு பிட் 1 ஆக உள்ள இடங்களில் இலக்கு பிட்டைப் புரட்டுவது. இரண்டுக்கும் ஒரே கியூபிட்டைக் கொடுத்தால் மொழி பிழை காட்ட வேண்டும். ஏனெனில் 0, 1 இரண்டுமே 0 ஆகிவிடும். திரும்பி வர வழியில்லை.

மொழியின் உண்மையான வேலை, கணக்கின் இடைநிலை மதிப்புகளை வைக்கும் தற்காலிகக் கியூபிட்டில்தான் இருக்கிறது. 0 நிலையில் உள்ள ஒரு கியூபிட்டுக்கு ஹாடமார்டை இருமுறை கொடுத்தால் உறுதியாக 0 வரும். இடையில் அதிலிருந்து தற்காலிகக் கியூபிட்டுக்கு ஒரு சிநாட் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள்: இப்போது 0, 1 இரண்டும் சரிபாதி வரும். தற்காலிகக் கியூபிட்டை நீங்கள் தொடவே வேண்டாம். இரண்டு கியூபிட்டும் பின்னிப் பிணைந்து கிடப்பதே கணக்கைக் கெடுக்கப் போதும். இரண்டாவது ஹாடமார்டுக்கு முன் அதே சிநாட்டை மறுபடி கொடுத்தால் 0 திரும்பிவிடும்.

இதற்குத் தீர்வை, சாதாரணக் கணினிகளில் பின்னோக்கி ஓட்டக்கூடிய கணக்குகளுக்காக, சார்லஸ் பென்னட் 1973இலேயே தந்திருந்தார்: கணக்கிடு, விடையை வேறிடத்தில் பதி, கணக்கைப் பின்னோக்கி ஓட்டு. இங்கே பதிவதற்குச் சிநாட். கியூசிஎல்லில் ‘கியூஸ்கிராட்ச்’ என்று அறிவித்தால் மொழியே இதைச் செய்துவிடும். உங்கள் மொழியில், கேட்டுகளை ஒரு பட்டியலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். பின்னோக்கி ஓட்டும்போது வரிசையைத் தலைகீழாக்கி, சுழற்சிக் கேட்டுகளின் (கியூபிட்டின் நிலையை ஒரு கோணம் சுழற்றுபவை) கோணக் குறியை மாற்றுங்கள். ஹாடமார்டும் சிநாட்டும் தமக்குத் தாமே எதிர். கியூபிட்டைப் படித்து 0 அல்லது 1 என விடை பெறும் அளவீட்டைத் திரும்பப் பெற முடியாது என்பதால் இந்தப் பகுதிக்குள் அதை அனுமதிக்கவே கூடாது.

தற்காலிகக் கியூபிட்டை விடுவிக்கும்போது, அந்த பிட் 1 ஆக உள்ள இடங்களின் வீச்சுப் பருமன்களுடைய வர்க்கக் கூடுதல் 10⁻¹⁰ஐத் தாண்டினால் நிரலை நிறுத்துங்கள். நிஜக் கருவியில் இப்படி எட்டிப் பார்க்க முடியாது, அதனால் சோதனையை எல்லாம் சிமுலேட்டரிலேயே முடித்துவிட வேண்டும்.