தோட்டக் குளத்தில் வேண்டாத மீன்களை ஒழிப்பது எப்படி?

கப்பி, கம்பூசியா, ஜிலேபி ஆகியவை குளத்தில் புகுந்துவிட்டால் அவ்வப்போது வலை வீசிப் பயனில்லை. முக்கால்வாசியைப் பிடித்தாலும் மிச்சத்துக்குத் தீனி தாராளமாகக் கிடைக்கும், சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும். கப்பிப் பெட்டை ஆண் துணை இல்லாமலேயே பல மாதம் குட்டி போடும். விந்தைச் சேமித்து வைத்திருக்கும். ஆகவே ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ‘விரால் விடுங்கள், தின்று தீர்த்துவிடும்’ என்பார்கள். உங்கள் தங்கமீனையும் சேர்த்துத்தான் தின்னும்.

1. நல்ல மீன்களை மாற்றுங்கள். நிழலில் ஒரு தொட்டி வைத்துக் குளத்துத் தண்ணீரையே நிரப்பி, ஏர் பம்ப் போட்டு, மேலே வலை கட்டுங்கள். மீன்களைக் கையால் ஒவ்வொன்றாகப் பார்த்து விடுங்கள். தவளை, ஆமை இருந்தால் அவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.

2. செடிகளை எடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கப்பிக் குட்டி பிறக்கும்போது அரை சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. ஆகாயத்தாமரை வேருக்குள் பத்து ஒளிந்திருந்தாலும் தெரியாது. வேர்களை வாளித் தண்ணீரில் மூன்று முறை அலசி, செடிகளைத் தனித் தொட்டியில் வையுங்கள்.

3. தண்ணீரை இறையுங்கள். பம்பின் வாயில் கொசுவலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். தண்ணீர் மண்ணில் பாய்ந்து வற்றட்டும், கால்வாய்க்கோ ஓடைக்கோ போகக் கூடாது. ஃபில்டர் பெட்டியையும் குழாய்களையும் கழற்றிக் கழுவுங்கள்.

4. அரியுங்கள். முழங்கால் அளவுக்குக் குறைந்ததும் 2-3 மி.மீ. கண்ணுள்ள வலையை, அடி தரையைத் தொட இருவர் இழுக்க வேண்டும். ஜிலேபிப் பெட்டையைத் தூக்கும்போது கவனம்: முட்டையையும் குஞ்சையும் வாயில்தான் வைத்திருக்கும், பதறியதும் கக்கிவிடும். வலைக்கு அடியிலேயே வாளியைப் பிடியுங்கள். பிடித்ததை எந்த நீர்நிலையிலும் விடாதீர்கள். வெந்நீரில் குலுக்கிக் கரைத்த கிராம்பு எண்ணெயை லிட்டருக்கு 0.4 மி.லி. வீதம் வாளியில் கலந்தால் மீன் மயங்கி இறக்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடம் அதிலேயே கிடக்கட்டும்.

5. கடைசிக் குட்டைக்கு பிளீச்சிங் பவுடர். முதலில் சேற்றை அள்ளுங்கள். குளோரினை அது உறிஞ்சிவிடும், குறவையும் கெளுத்தியும் அதற்குள் புதைந்தும் கிடக்கும். பிறகு நீளம் × அகலம் × சராசரி ஆழம் (மீட்டரில்) × 1000 என்று பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 2 × 1 × 0.1 மீட்டர் என்றால் 200 லிட்டர். 30% குளோரின் உள்ள பவுடர் 1000 லிட்டருக்கு 50 கிராம், அதாவது இதற்கு 10 கிராம். கையுறை போட்டு, வாளித் தண்ணீரில் கரைத்து, மாலையில் ஊற்றுங்கள். வெயிலில் குளோரின் வீரியம் போய்விடும். அமிலம், யூரியா, அம்மோனியா எதையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். செத்த மீனைப் பூனைக்குக்கூடப் போடாதீர்கள், புதைத்துவிடுங்கள். மண் குளமானால் பிறகு வெடிப்பு விடும்வரை காய விடுங்கள்.

6. நிரப்புங்கள். ஒரு வாரம் கழித்துத் தண்ணீரை நிரப்பி, டெஸ்ட் கிட்டில் குளோரின் பூஜ்யம் என்று வந்த பிறகே மீனை விடுங்கள். வாடை இல்லை என்பதை நம்ப வேண்டாம். செடித் தொட்டியை மட்டும் இன்னும் இரண்டு வாரம் காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். குட்டி தென்பட்டால் அந்தத் தொட்டியோடு முடிந்தது, குளம் தப்பித்தது.