ஏற்றிவிடாதீர்கள், ஏறட்டும்

குழந்தை மரமேற ஆசைப்பட்டால் தூக்கிக் கிளையில் உட்கார வைக்காதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்து இறங்கும் வழி பெரும்பாலும் அதற்கே தெரியும். நாம் ஏற்றிவிட்ட உயரம் அதன் கைகாலுக்குப் பழகாதது. என் மகள் விஷயத்தில் நான் விடாமல் கடைப்பிடிப்பது இது. கிளை காய்ந்திருக்கிறதா, கீழே கல் கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவேன். அப்புறம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொள்வேன். சும்மா கத்தினால் பிள்ளை கிளையை விட்டுவிட்டு நம் முகத்தைத்தான் பார்க்கும். "அடுத்து இடது காலை எங்கேம்மா வைக்கப் போறே?" என்று கேட்டால் தானே யோசிக்கும்.

நார்வே ஆய்வாளர் எலன் சான்ட்செட்டர் 2007-இல் இப்படிப்பட்ட துணிச்சலான விளையாட்டுகளை ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம் எல்லாம் அதில் உண்டு. கூரிய கருவிகளும் உண்டு. கருவி என்றாலே நமக்குப் பதறுகிறது. ஆனால் கற்பனை ஓடுவது அங்கேதான் என்பது என் அனுபவம். ஒரு பெரிய அட்டைப்பெட்டியும் நன்றாக வெட்டும் கத்தரிக்கோலும் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். ஜன்னல் கோணலாக வந்தால் வரட்டும், திருத்தக் கை நீட்ட வேண்டாம்.

சாலை, ஆழமான தண்ணீர், சைக்கிள் ஹெல்மெட் இந்த மூன்றில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை.