துளசிக்கு வெயில், வல்லாரைக்கு டேங்க் நிழல்

ஒரே செடியின் விதை, ஒரே மண்கலவை. ஒரு துளசியை மொட்டைமாடியிலும் இன்னொன்றைப் பால்கனி ஓரத்திலும் வைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் பால்கனித் துளசிதான் நெடுநெடுவென்று வளர்ந்தது, இலையும் பெரிது. கசக்கி மோந்தால் வெறும் பச்சை வாசனை. மாடித் துளசி குட்டை, கணுக்கள் நெருக்கம், இலை சிறியது. ஆனால் கிள்ளினாலே காரமான மணம் விரலில் ஒட்டிக்கொண்டது.

அந்த மணம் யூஜினால் போன்ற எண்ணெய்ப் பொருள்களால் வருவது. இலைமேல் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் அவை சேர்கின்றன. வெயிலில் தயாரித்த சர்க்கரை மிச்சமிருந்தால்தான் செடி எண்ணெய் செய்யும். நிழலில், வெளிச்சத்தை எட்டிப் பிடிக்கத் தண்டை நீட்டுவதிலேயே கைச்சரக்கு தீர்ந்துவிடும்.

சரி, உங்கள் வீட்டில் ஆரம்பிப்போம்.

1. நிழலைப் பாருங்கள்

மேகமில்லாத நாளில், செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அதற்கு ஒரு சாண் மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாகக் கறுப்பு நிழல் விழுந்தால் நேர் வெயில். ஓரம் கலங்கலாக இருந்தால் அரை நிழல். நிழலே விழவில்லையா? மூலிகை வேண்டாம், மணிபிளான்ட் வையுங்கள். காலை, நடுப்பகல், மாலை என மூன்று முறை பார்ப்பது நல்லது. கண்ணை மட்டும் நம்பாதீர்கள்: உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), டியூப்லைட் போட்ட அறையில் சில நூறுதான். கண்ணுக்கு இரண்டுமே 'நல்ல வெளிச்சம்'!

2. செடிக்கேற்ற இடம்

துளசிக்கு 5, 6 மணி நேர நேர் வெயில் வேண்டும். கற்பூரவல்லிக்குக் காலை வெயில் போதும்; நாள் முழுக்கக் காய்ந்தால் இலை சிறுத்து மஞ்சளாகும். வல்லாரை வாய்க்கால் ஓரத்துச் செடி. வாட்டர் டேங்க் நிழலோ, பாதி வெயிலை மறைக்கும் 50% ஷேட் நெட் வலையோ அதற்குப் பிடிக்கும், மண் மட்டும் காயக்கூடாது.

3. மெல்ல மாற்றுங்கள்

அந்தப் பால்கனித் துளசியைச் சித்திரை வெயிலில் அப்படியே மாடிக்குத் தூக்கிப்போனேன். இரண்டாம் நாளே இலையெல்லாம் வெளுத்து அப்பளமாகிவிட்டது. முதல் இரண்டு நாள் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வெயில் காட்டுங்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பத்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவரலாம். பழைய இலைகள் சில உதிரும். கவலை வேண்டாம், புதுத் துளிர் வெயிலுக்குத் தோதாகத்தான் வரும்.

4. பறித்த பிறகு நிழல்

துளசியில் பூங்கதிர் எட்டிப்பார்க்கும் சமயத்தில், பனி காய்ந்ததும், வெயில் ஏறுமுன் பறியுங்கள். இதுவரை வெயில் கேட்ட இலைக்கு இனி வெயில் ஆகாது. சித்த வைத்தியர்கள் 'நிழலில் உலர்த்தி' என்று சொல்வது சும்மா இல்லை. வெயிலில் போட்டால் எண்ணெய் ஆவியாகிச் சருகுதான் மிஞ்சும். காற்றோட்டமான இடத்தில் துணி விரித்துப் பரப்புங்கள். இலை கையில் நொறுங்கும் பதம் வந்ததும் பாட்டிலில் அடைத்து, ஜன்னலோரம் வைக்காமல் அலமாரிக்குள் வையுங்கள்.