லிட்டில் ராக் 1957: அன்னிக்கு பேப்பரையும் இன்னிக்கு மீடியாவையும் சேர்த்து வெச்சு படிக்கிறது எப்படி

கறுப்பினப் பசங்களையும் வெள்ளைக்காரப் பசங்களையும் தனித்தனி ஸ்கூல்ல வெக்கிறது தப்புன்னு 1954 மே 17ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் பேப்பர்காரங்க அதை எப்படி எழுதினாங்க, இப்ப எப்படி எழுதுறாங்கன்னு பாக்கணும்னா மொத்தத்தையும் அள்ளப் போகாதீங்க. ஒரு ஊர், ஒரு தேதி போதும். ஆர்கன்சாஸ் மாநிலத்துல லிட்டில் ராக், 1957 செப்டம்பர் 4, இதை எடுத்துக்கோங்க.

அன்னிக்கு சென்ட்ரல் ஹை ஸ்கூலுக்குள்ள ஒன்பது கறுப்பினப் பசங்க போக முடியாம கவர்னர் ஃபாபஸ் நேஷனல் கார்டை (மாநிலத்தோட ராணுவப் படை) நிறுத்தி வெச்சிருந்தார். எலிசபெத் எக்ஃபர்ட், 15 வயசுப் பொண்ணு, தனியா வந்து எதிர்ப்புக் கூட்டத்துல மாட்டிக்கிச்சு, பின்னாடி ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வாய் நிறைய கத்துற போட்டோ பாத்திருப்பீங்க, அதை எடுத்தது ஆர்கன்சாஸ் டெமாக்ரட் போட்டோகிராஃபர் வில் கவுண்ட்ஸ்.

முதல்ல அந்த ஊர் பேப்பர் ரெண்டையும் படிங்க, டெமாக்ரட், அப்புறம் ஆர்கன்சாஸ் கெஸட். கெஸட் எடிட்டர் ஹேரி ஆஷ்மோர் கோர்ட் ஆர்டருக்குக் கட்டுப்படணும்னு எழுதினார், சந்தா போச்சு, விளம்பரம் போச்சு, 1958ல பத்திரிகைக்கான புலிட்சர் பரிசு வந்துச்சு. பெரிய தைரியம்தான், ஆனா தலையங்கத்தைப் பொறுமையா படிங்க, பேச்சு பெரும்பாலும் சட்டம் ஒழுங்கு பத்தி, அந்தப் பசங்களோட உரிமை பத்தி எவ்வளவு வருதுன்னு பென்சில்ல கோடு போட்டுப் பாருங்க.

மூணாவது பேப்பரை விட்டுடாதீங்க, அங்கதான் விஷயமே இருக்கு. அந்த ஒன்பது பசங்களுக்குத் துணையா நின்ன டெய்ஸி பேட்ஸும் அவங்க கணவர் எல்.சி. பேட்ஸும் நடத்தின கறுப்பினப் பத்திரிகை ஆர்கன்சாஸ் ஸ்டேட் பிரஸ், விளம்பரம் நின்னு 1959ல மூடிட்டாங்க. மெம்ஃபிஸ்ல இருந்து வந்த இன்னொரு கறுப்பினப் பத்திரிகை ட்ரை-ஸ்டேட் டிஃபெண்டரோட எடிட்டர் எல். அலெக்ஸ் வில்சனை செப்டம்பர் 23 அன்னிக்கு கூட்டம் போட்டு அடிச்சாங்க, அவர் ஓடவே இல்ல. இந்த அடியை எந்தெந்த பேப்பர் எந்தப் பக்கத்துல போட்டுச்சுன்னு தேடுங்க. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் சைட்ல பழைய கறுப்பினப் பத்திரிகைகள் நிறைய ஃப்ரீயாவே இருக்கு.

அடுத்தது, தேதியை முன்னாடியும் பின்னாடியும் நகர்த்துங்க. 1956லயே கறுப்பினப் பெத்தவங்க ஸ்கூல்ல சேர்க்கச் சொல்லி கேஸ் போட்டிருந்தாங்க, 1958-59 முழுக்க ஊர்ல ஹை ஸ்கூல்களையே மூடி வெச்சாங்க. கூட்டம் கத்தின வாரத்துக்கு எத்தனை பத்தி, இந்த ரெண்டுக்கும் எத்தனை பத்தின்னு எண்ணினாலே பேப்பர் எதைப் பெருசா நினைச்சுச்சுன்னு தெரிஞ்சிடும்.

இப்ப இன்னிக்கு மீடியாவுக்கு வாங்க. அந்த ரெண்டு பேப்பர்ல கெஸட் 1991ல மூடிப்போச்சு, டெமாக்ரட்டோட சேர்ந்து ஒரே பேப்பர் ஆயிடுச்சு, அதனால ஒருத்தர் விட்டதை இன்னொருத்தர் எழுதுற போட்டி இல்ல. அதோட, இன்னிக்கு பசங்க பிரியறது பெரும்பாலும் வீட்டு அட்ரஸ்லயும் ஸ்கூல் எல்லைக் கோட்லயும் (எந்தத் தெருப் பசங்க எந்த ஸ்கூல்னு பிரிக்கிற கோடு), வாசல்ல யாரும் கத்துறதில்ல, போட்டோவும் கிடைக்கிறதில்ல. அதனால செய்தியைத் தேடும்போது கலவரம்னு தேடாதீங்க, ஸ்கூல் எல்லை மாத்துற மீட்டிங், மார்க் லிஸ்ட், வீட்டு விலை, இப்படித் தேடுங்க. கிடைச்ச கட்டுரையில அந்த ஸ்கூல்ல படிக்கிற பசங்களோ பெத்தவங்களோ பேர் சொல்லிப் பேசுறாங்களா, இல்ல போர்டு மெம்பரும் நிபுணரும் மட்டும்தானான்னு குறிச்சுக்கோங்க, 1957 கெஸட்டுக்கும் இதே கேள்வியைப் போட்டு ரெண்டையும் ஒரே தாள்ல எழுதுங்க.